பிங் போகிறது, சரி. உள்ளே யார் இருக்கிறார்கள்?

இந்த மாதமும் ஒன்று. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவில் டேலியைத் திறந்தால் கம்பெனி லிஸ்ட்டே காலி, எல்லா ஃபைலுக்கும் பின்னால் கேள்விப்படாத ஒரு எக்ஸ்டென்ஷன், டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார், மானிட்டரிங் சாஃப்ட்வேர்தான் போட்டிருந்தோமே?" போட்டிருந்தார்கள், உண்மைதான். அதன் திரையில் அந்த சர்வருக்கு எதிரே பச்சைப் புள்ளி அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

இதை எத்தனை பேருக்குச் சொல்வது என்றே தெரியவில்லை. பிங் என்பது "இருக்கிறாயா?" என்று கேட்டு "இருக்கிறேன்" என்று பதில் வாங்குவது, அவ்வளவுதான். யார் உள்ளே வந்தார், என்ன செய்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்த சர்வரும் பிங்குக்கு அழகாகப் பதில் சொல்லும். விண்டோஸ் ஓடினால்தானே பணம் கேட்கும் கடிதத்தை நீங்கள் படிக்க முடியும், அதற்காகவே பெரும்பாலும் சிஸ்டம் ஃபைல்களைத் தொடாமல் உங்கள் டேட்டாவை மட்டும் பூட்டுகிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான (வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைந்து வேலை செய்கிற வசதி) 3389 போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கிற செக்கும் இதே ரகம்தான், திறந்திருப்பது உங்களுக்கு நல்ல செய்தி என்றால் வெளியே தட்டிக்கொண்டிருப்பவனுக்கும் அது நல்ல செய்திதான். வாட்ச்மேனுக்கு நாடி துடிக்கிறது, அதனால் வீட்டில் திருட்டுப் போகவில்லை என்று முடிவு கட்டுகிற மாதிரி இருக்கிறது இந்தப் பச்சைப் புள்ளி நம்பிக்கை. (இன்னும் சிலர் மானிட்டரிங் என்றாலே ஊழியர்கள் ஸ்கிரீனை எட்டிப் பார்க்கிற சாஃப்ட்வேர் என்று நினைத்துக் கேட்கிறார்கள். அது வேறு கடை.)

அந்த சர்வரின் செக்யூரிட்டி லாகில் (யார் நுழைந்தார், யார் முயன்று தோற்றார் என்று விண்டோஸ் எழுதி வைக்கிற பதிவேடு, ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஒரு எண்) மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். வரிசையாக 4625, அதாவது தோற்ற லாகின். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், ஸ்கேனர், அக்கவுண்ட்ஸ், யூசர்1, மறுபடி அட்மினிஸ்ட்ரேட்டர். ராத்திரி முழுக்க இதே பஜனை. நடுவில் ஒரே ஒரு 4624, வெற்றி, யூசர் பெயர் 'டேலி'. பாஸ்வேர்டு என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தோற்ற லாகினுக்கு அந்த சாஃப்ட்வேரில் ஒரு அலர்ட் இருந்தது. யாரோ எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட், லாகின் டைப் (எந்த வழியில் நுழைகிறார்கள் என்பதற்கான எண்) 10 மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தது. ரிமோட் டெஸ்க்டாப் என்றால் 10தானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் என்எல்ஏ (திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற முறை) போட்ட சர்வரில் தவறான பாஸ்வேர்டு முயற்சிகள் டைப் 3 ஆகத்தான் பதிவாகும், எனவே அலர்ட் வாயே திறக்கவில்லை. இரண்டையும் பாருங்கள்.

இன்னொன்று, செக்யூரிட்டி லாக் ஃபைலின் அளவு, மாற்றாமல் விட்டால் 20 எம்பி. நிரம்பினால் பழையதை அழித்துக்கொண்டே எழுதும். தாக்குதல் நடக்கிற சர்வரில் 4625 கொட்டுகிற வேகத்துக்கு அது எந்த மூலைக்கு? நமக்கு வேண்டிய அந்த முதல் நாள் தடயம்தான் முதலில் போகும். அளவைக் கூட்டுங்கள், கூடவே லாகை வேறொரு மெஷினுக்கு உடனுக்குடன் அனுப்புங்கள், ஏனென்றால் உள்ளே வந்தவன் கிளம்பும்போது துடைத்துவிட்டுப் போவான். லாகை அழித்தால் 1102 என்று ஒரு பதிவு விழும், அதற்கு மட்டும் எந்த நேரமானாலும் ஃபோன் அடிக்க வேண்டும். சேமிப்பு விஷயத்தில் சட்டமும் இருக்கிறது, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னால் "நம்ம மாதிரி சின்ன கம்பெனிக்குமா?" என்கிறார்கள். ஆமாம் சார்.

அப்புறம், புது யூசர் உருவானால் 4720, லோக்கல் குரூப்பில் ஆள் சேர்ந்தால் 4732, தப்பான பாஸ்வேர்டுகளால் அக்கவுண்ட் பூட்டப்பட்டால் 4740, விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை யாராவது நிறுத்தினால் 5001, இவற்றுக்கும் அலர்ட் வையுங்கள். ஆபீஸ் நேரம் தாண்டி வருகிற வெற்றி லாகினையும் சேருங்கள், தோல்வியை மட்டும் பார்த்தால் திருடின பாஸ்வேர்டோடு வருகிறவன் தெரியவே மாட்டான்.

"சர்வர் ஸ்லோ" புகாருக்கும் சிபியு கிராஃபை மட்டும் காட்டாதீர்கள். பாதிப் பேர் லாக் ஆஃப் செய்யாமல் மூலையில் இருக்கிற எக்ஸை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், அந்த செஷனெல்லாம் ராமைத் தின்றுகொண்டு அப்படியே கிடக்கும். டிஸ்கனெக்ட் ஆன செஷனுக்கு குரூப் பாலிசியில் (விண்டோஸில் எல்லோருக்கும் சேர்த்து விதி போடுகிற இடம்) நேர வரம்பு வையுங்கள். சர்வர் 2019 முதல் யூசர் இன்புட் டிலே என்று ஒரு கவுன்டர் இருக்கிறது, யூசர் உண்மையில் எவ்வளவு காத்திருக்கிறார் என்று செஷன் வாரியாகச் சொல்லும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் அதை ஆன் செய்ய வேண்டும், அதைச் செய்து வைத்த ஆபீஸை நான் அதிகம் பார்த்ததில்லை.

கண்காணிக்கிற சாஃப்ட்வேரை அதே சர்வரில் போடாதீர்கள். ஜாபிக்ஸ் என்ற மானிட்டரிங் சாஃப்ட்வேர் இலவசம், பழைய பிசி ஒன்று போதும், காசில்லை என்ற சாக்கு செல்லாது. ஆனால் போட்ட அன்றே அட்மின் யூசரின் ஜாபிக்ஸ் என்ற ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், புண்ணியமாகப் போகும். ஏஜென்டுக்கு (சர்வரில் உட்கார்ந்து தகவல் அனுப்புகிற சின்ன புரோகிராம்) டொமைன் அட்மின், அதாவது நெட்வொர்க் முழுவதையும் ஆள்கிற, உரிமை கொடுக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து 3389ஐ நேராக இணையத்துக்குத் திறக்காதீர்கள். விபிஎன் (ஆபீஸுக்குள் நுழைய மறையாக்கிய தனிப் பாதை) வையுங்கள், இல்லை ஆர்டி கேட்வே (ரிமோட் டெஸ்க்டாப்புக்கு முன்னால் நிற்கிற மைக்ரோசாஃப்டின் வாசல் சர்வர்) வையுங்கள். போர்ட் நம்பரை மாற்றிவிட்டோம் என்று சொல்லாதீர்கள், ஸ்கேன் செய்கிறவன் எல்லா போர்ட்டையும்தான் தட்டுகிறான். 2019 மே மாதம் வெளிவந்த ப்ளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். சர்வரில் உரிமை எதுவும் இல்லாத ஒரு டெஸ்ட் யூசரை உருவாக்கி (உண்மையான யூசரை வைத்துச் செய்தால் காலையில் அவர் அக்கவுண்ட் பூட்டிக் கிடக்கும், உங்களைத்தான் திட்டுவார்), வீட்டிலிருந்து நீங்கள் வழக்கமாக நுழைகிற வழியிலேயே போய், தப்பான பாஸ்வேர்டை ஒரு பத்துத் தடவை அடியுங்கள். ஐந்து நிமிடத்தில் யாருடைய ஃபோனாவது அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால், மானிட்டரிங் போட்டுக் கொடுத்து பில் வாங்கினவருக்கு நீங்கள் ஃபோன் அடியுங்கள்.