செலக்‌ஷன் கிரைட்டீரியா: தெரிவு அளவுகோல்

ஆஸ்திரேலியாவில் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் தமிழர்களை முதலில் தடுமாறவைக்கும் தொடர் ‘செலக்‌ஷன் கிரைட்டீரியா’. ஒரு பதவிக்கு வருபவரிடம் இருக்க வேண்டிய அறிவு, திறன், பட்டறிவு, மனப்பாங்கு ஆகியவற்றை வேலை கொடுப்பவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் பட்டியல் அது. தன்விவரக் குறிப்பை அனுப்பினால் மட்டும் போதாது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் எழுதும்படி கேட்பார்கள். விக்டோரியா மாநிலத்தில் இதையே ‘கீ செலக்‌ஷன் கிரைட்டீரியா’ என்பதன் முதலெழுத்துகளால் கே.எஸ்.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். கூட்டாட்சி அரசின் பல துறைகள் இப்போது எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குள் எழுதச் சொல்கின்றன. வடிவம்தான் மாறியிருக்கிறது. அந்நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பொதுச் சேவைச் சட்டப்படி, வேலைக்கு உண்மையாகவே தேவைப்படும் பண்புகளையும் விண்ணப்பதாரரிடம் இருக்கும் பண்புகளையும் ஒப்பிட்டே ஆளை எடுக்க வேண்டும்.

‘செலக்‌ஷன்’ லத்தீனிலிருந்து வந்தது: பலவற்றிலிருந்து பிரித்து எடுத்தல். ‘கிரைட்டீரியா’ கிரேக்கம். பிரித்தறிதல், தீர்ப்பளித்தல் என்று பொருள்படும் ‘கிரினெய்ன்’ என்ற வினையும், நடுவரைக் குறிக்கும் ‘கிரிதேஸ்’ என்ற பெயரும் அதன் உறவுகள். ஒருமை ‘கிரைட்டீரியன்’, ‘கிரைட்டீரியா’வே பன்மை. ஆகவே ‘கிரைட்டீரியாக்கள்’ என்று எழுதுபவர் பன்மைக்குப் பன்மை சேர்க்கிறார்.

தமிழில் என்ன சொல்லலாம்? தமிழ்நாட்டு வழக்கில் ‘தேர்வு அளவுகோல்’ உண்டு. ஆனால் அங்கே தேர்வு என்றதும் பரீட்சைதான் நினைவுக்கு வரும். இலங்கை வழக்கின் ‘தெரிவு’ இந்தக் குழப்பத்துக்கு இடம் தராது. அங்கே கிரைட்டீரியாவுக்குப் ‘பிரமாணம்’ என்றும் எழுதுகிறார்கள். மெய்ப்பிக்கும் கருவி என்ற பழைய தர்க்கப் பொருளை எண்ணினால் அருமையான பொருத்தம்; ஆனால் தமிழ்நாட்டு வாசகர் சத்தியப் பிரமாணத்தை நினைத்துக்கொள்வார். இரு கரையினருக்கும் புரியும்படி ‘தெரிவு அளவுகோல்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

ஆயினும் பொருளுக்கு இன்னும் நெருக்கமான சொல் ஒன்று குறளில் இருக்கிறது. பணிக்கு ஆள் எடுப்பதைப் பேசும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில், “பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்” என்கிறார் வள்ளுவர். கட்டளைக் கல் என்பது பொன்னின் மாற்றை, அதாவது தூய்மையை, அறியும் உரைகல். நகையை அதில் தேய்த்து, விழுந்த கோட்டின் நிறத்தை, மாற்றுத் தெரிந்த உரையாணி இட்ட கோட்டோடு ஒப்பிடுவார்கள். “இது நல்ல பொன்” என்று சொல்வதால் கல்லில் கோடு விழாது. தெரிவு அளவுகோலுக்கு எழுதும் பதிலும் அப்படித்தான்: கருமத்தைக் காட்ட வேண்டும்.

இதைத் தகுதி நிபந்தனையோடு குழப்பக் கூடாது. குடியுரிமை, பட்டம், ஓட்டுநர் உரிமம் போன்றவை இருக்கும் அல்லது இருக்காது. அதில் ஒப்பீட்டுக்கு இடமில்லை. கி.பி. 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஊர்ச்சபை உறுப்பினருக்கு 35க்கு மேல் 70க்குள் வயது, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனை என்றெல்லாம் விதித்தது தகுதி நிபந்தனை. அதற்குப் பிறகு ஆளைத் தீர்மானித்தது, பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்த குடவோலைச் சீட்டு.

அளவுகோலின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். ‘மெய்ப்பிக்கப்பட்ட திறன்’ என்றிருந்தால் நடந்த நிகழ்ச்சி வேண்டும். ‘அறிந்திருத்தல் அல்லது விரைவில் கற்றுக்கொள்ளும் ஆற்றல்’ என்றிருந்தால், முன்பு வேறொன்றை எப்படி வேகமாகக் கற்றோம் என்று காட்டினாலே போதும். பலர் இந்த இடத்தில் தேவையில்லாமல் பின்வாங்கிவிடுகிறார்கள்.

‘பல வேலைகளுக்கிடையே முன்னுரிமை வகுப்பதில் மெய்ப்பிக்கப்பட்ட திறன்’ என்று கேட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். “நான் கடும் உழைப்பாளி, நெருக்கடியிலும் பதறாமல் பணியாற்றுவேன்” என்ற பதிலில் மதிப்பெண் போட எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: “பல்பொருள் அங்காடியில் மாலைப் பணிக்குழுவின் பொறுப்பாளராக இருந்தேன். குளிர்பதன அறை பழுதான அதே நேரத்தில் சரக்கு லாரியும் வந்து நின்றது. குழுவில் இருவர் விடுப்பில். எது முதலில் கெடும் என்று பார்த்தேன். பாலையும் இறைச்சியையும் மாற்று அறைக்குக் கொண்டுபோக இருவரை அனுப்பினேன். லாரியில் வந்த உலர் சரக்கை இறக்கி மட்டும் வைத்து, அடுக்கும் வேலையைக் காலைக் குழுவுக்கு எழுதிவைத்தேன். எதுவும் வீணாகவில்லை. அன்று பின்பற்றிய வரிசையை மேலாளர் கடையின் நடைமுறைக் குறிப்பில் சேர்த்தார்.”

சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற இந்த வரிசைக்கு, அவற்றின் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, அங்கே ‘ஸ்டார்’ முறை என்று பெயர். நம்மவர்கள் சூழலை விரித்து எழுதியே பக்கத்தைத் தீர்த்துவிடுவார்கள். செயலுக்குத்தான் பாதிக்கு மேல் இடம் தர வேண்டும். சிறிய கடையில் பார்த்த வேலை அரசுப் பதவிக்கு எடுபடுமா என்று தயங்கவும் வேண்டாம். முடிவு எடுத்தது யார் என்பதைத்தான் ஆளெடுக்கும் தெரிவுக் குழு தேடுகிறது.

ஆனால் ‘நான் செய்தேன்’ என்று எழுதக் கை கூசுகிறது; ‘நாங்கள் செய்தோம்’ என்றே வருகிறது. தற்புகழ்ச்சி தகாது என்ற வளர்ப்பு அப்படி. நன்னூலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்றுதான் சொல்கிறது. ஆனால் அடுத்த நூற்பாவிலேயே விலக்குகளை அடுக்குகிறது: “மன்னுடை மன்றத்து ஓலைத் தூக்கினும், தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்” புலவன் தன்னைப் புகழலாம். அரசவைக்கு ஓலை அனுப்புவது முதல் விலக்கு. நம் திறமையை அறியாதவர்கள் இருக்கும் இடம் இரண்டாவது. அரசு வேலைக்கான விண்ணப்பத்துக்கு இரண்டுமே பொருந்துகின்றன. ஆகவே எழுதி முடித்ததும் ஒவ்வொரு ‘நாங்க’ளையும் தேடிப் பிடியுங்கள். அந்த வேலையில் உங்கள் பங்கு எதுவோ, அதை மட்டும் ‘நான்’ என்று மாற்றுங்கள். மற்றவர் செய்ததை மற்றவர் பெயரிலேயே விடுங்கள். நேர்காணலில் குழு கிளறிக் கேட்கப்போவது அந்த இடத்தைத்தான்.