பழைய குப்பைக்கிடங்கும் பக்கத்துக் கிணறும்

கிரவல் (சரளைமண்) அள்ளிய கிடங்கு, அதாவது பள்ளம், சும்மா கிடந்தால் அதற்குள் குப்பை வந்து சேர அதிக காலம் எடுக்காது. இலங்கையின் வடக்கே வன்னியில் பல ஊர்களில் நடந்தது இதுதான். சில வருடம் கொட்டுவார்கள், இடைக்கிடை எரிப்பார்கள், நிரம்பியதும் மேலே இரண்டு லோட் மண் போட்டு மூடிவிடுவார்கள். அடுத்த மாரிக்குப் புல் முளைத்துவிடும். அடியில் நீர் இறங்காமல் தடுக்கும் விரிப்போ களிமண் தளமோ கிடையாது.

மழைநீர் அந்தக் குப்பைக்கூடாக இறங்கும்போது, தேயிலையில் சாயம் இறங்குவதுபோல, உப்புகளும் அமோனியாவும் கரைந்து கீழே போகின்றன. புதுக் குப்பையின் கசிவுநீரில் அமிலமும் நாற்றமும் கூட. காலம் போகப்போக நாற்றம் அடங்கிவிடும். அமோனியா மட்டும் பல தசாப்தங்களுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். மணமில்லை, இனிப் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆபத்தை மதிப்பிடும்போது குப்பையின் அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை. நஞ்சு இருக்க வேண்டும், அது போக வழி இருக்க வேண்டும், வழியின் முடிவில் அதைக் குடிக்கிற அல்லது சுவாசிக்கிற ஓர் உயிர் இருக்க வேண்டும். மூன்றும் கூடினால்தான் ஆபத்து. ஆட்கள் இல்லாத களிமண் நிலத்தில் கிடக்கும் பெரிய மேட்டைவிட, வீட்டுக் கிணற்றுக்கு மேற்பக்கமாகப் புதைந்த சின்னக் கிடங்கு மோசமானதாக இருக்கலாம்.

வன்னியில் அந்த வழி பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். உட்பகுதியில் கீழே இருப்பது கடினப் பாறை. அதன் மேல் உக்கிய பாறையும் மண்ணும் சேர்ந்த படையில்தான் நம்முடைய கிணற்றுத் தண்ணீர் நிற்கிறது. அந்த நீர் பொதுவாக நிலத்தின் சரிவோடு, குளத்தையும் வயலையும் நோக்கி மெல்ல நகரும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் நீர் சுலபமாக ஊடுருவும். மன்னார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் வழியே வடிபடாமலே ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நீர்மட்டம் உயர்ந்து, கிடங்கிலுள்ள குப்பையையே நனைக்கும் இடங்களும் உண்டு.

சரி, மூடிய கிடங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரின் வயதானவர்களையும், முன்பு குப்பை ஏற்றிய உழவு இயந்திரச் சாரதிகளையும் கேட்பது முதல் வேலை. பழைய செய்மதிப் படங்களை வருடவாரியாகப் பார்த்தால் கிடங்கு திறந்ததும் நிரம்பியதும் தெரியும். தரையில் நடந்தால் ஆங்காங்கே நிலம் இறங்கியிருக்கும். சரிவின் அடியில் செம்மஞ்சள் கசிவு தெரிந்தால் குனிந்து பாருங்கள். உக்கும் குப்பை நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடுகிறது. ஒட்சிசன் இல்லாத நீர் மண்ணின் இரும்பைக் கரைத்துக்கொண்டு வந்து, காற்றுப் பட்ட இடத்தில் துருவாகப் படியவிடுகிறது. அதன் மேல் எண்ணெய் போன்ற ஆடை மினுங்கினால் ஒரு குச்சியால் கலக்குங்கள். ஆடை துண்டுதுண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பக்ரீரியாவின் வேலை. சுழன்று மீண்டும் ஒட்டிக்கொண்டால் உண்மையான எண்ணெய். சதுப்பு நிலத்தில் இயற்கையாகவும் இரும்பு கசியும் என்பதால் இதை அடையாளமாக மட்டும் எடுக்க வேண்டும், முடிவாக அல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தவுடன் மண்வெட்டியோடு போகக் கூடாது. 2009 வரை போர் நடந்த மண் இது. வெடிக்காத குண்டு குப்பையோடு சேர்ந்து புதைந்திருக்கலாம். கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்த்துச் சொல்லாமல் எவரும் தோண்டக் கூடாது.

தோண்டாமலே கிணறுகள் நிறையச் சொல்லும். கிடங்குக்கு மேற்சரிவில் ஒரு கிணறு, கீழ்ச்சரிவில் இரண்டு மூன்று. மாரிக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்து மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), குளோரைட்டு, அமோனியா பார்க்க வேண்டும். குளோரைட்டு மண்ணில் ஒட்டாமல் நீரோடு போவதால் கசிவு எட்டிய தூரத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் நம் வரண்ட வலய நீரில் இயல்பாகவே உப்புக் கூட. ஒற்றைக் கிணற்றின் எண்ணை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. மேற்சரிவுக் கிணறு இல்லாத அறிக்கையை நான் அறிக்கையாகவே எடுக்க மாட்டேன். நைத்திரேற்றும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆனால் வயல் உரமும் அதைக் கூட்டும்.

பழைய பற்றரியின் ஈயம் வேறு வழியில் வருகிறது. அது களிமண்ணில் ஒட்டிக்கொண்டு, அதிக தூரம் போகாமல் மேல்மண்ணிலேயே தங்கும். அதனால் அங்கே விளையாடும் பிள்ளைகளின் கையும் வாயும்தான் அதன் வழி. உக்கும் குப்பையிலிருந்து வரும் வாயுவும் கவனிக்க வேண்டியதே: காற்றில் 5 முதல் 15 வீதம் மெதேன் கலந்தால் ஒரு தீப்பொறி போதும். மூடிய கிடங்குக்கு அருகிலுள்ள கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க இறங்குபவருக்கு உள்ளே தேங்கிய காபனீரொட்சைட்டே உயிராபத்து.

இப்படிப் பார்த்துப் பிரதேச சபை தன் எல்லைக்குள் இருக்கும் கிடங்குகளை வரிசைப்படுத்தினால், எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தோண்டி அகற்றத் தேவையில்லை. முதலில் வரும் இடத்தில் வீடுகளுக்கு வேறு குடிநீர் கொடுக்க வேண்டும். அப்புறம் மேற்சரிவில் வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பி, கிடங்கின் மேல் களிமண் போட்டு இறுக்கிச் சரிவாக்க வேண்டும். வெட்டும் இடத்தில் வெடிபொருள் இல்லை என்றும் முன்பே பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த மாரி முடிந்ததும் அதே கிணறுகளில் மறுபடி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்.