தரையில் பிடிக்கும் பிரேக் மலையிறக்கத்தில் ஏன் கைவிடுகிறது? பழைய லாரி வாங்குவோர் கவனத்துக்கு

செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல் வழியாக ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கேரளத்துக்குள் இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் எம்-சாண்டும் காய்கறியும் சிமெண்டும் வைக்கோலும் ஏற்றிச் செல்லும் லாரிகளில் பல, இரண்டு மூன்று கை மாறி வந்தவை. புது வண்டிக்கு மாதத் தவணை கட்ட முடியாத ஓட்டுநர்கள், சேமித்த பணத்தைப் போட்டு அவற்றை வாங்கித் தாங்களே ஓட்டுகிறார்கள். இந்தத் தடத்து வண்டிகளுக்கு ஏர் பிரேக் (காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்) வேலை பார்ப்பவன் என்ற முறையில், அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன். பழைய லாரிக்குச் செலவழிக்கும் முதல் பணம் பிரேக்குக்குப் போக வேண்டும்.

பட்டறையில் வேலை முடியக் காத்திருக்கும் ஓட்டுநர்களின் பேச்சு பெரும்பாலும் என்ஜினைச் சுற்றியே இருக்கும். டாடாவின் 697 என்ஜினை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டிவிடுவார் என்பார் ஒருவர். இழுவை என்றால் லேலண்டின் ஹினோ என்ஜின்தான் என்பார் மற்றவர். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சென்சாரும் கம்ப்யூட்டரும் இல்லாத அந்த என்ஜின்களுக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், வழியில் நின்றாலும் சரிசெய்து கிளப்பிவிடலாம். ஆனால் என்ஜின் கெட்டால் வண்டி நிற்கும், பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து வண்டி பார்ப்பவர்கள் குறைவு.

"அண்ணாச்சி, கடையநல்லூர் தாண்டி வர்ற வரைக்கும் நல்லாத்தான் புடிச்சிச்சு, தென்மலை இறக்கத்துல மட்டும் மிதிக்க மிதிக்க ஓடுது" என்று சொல்லி வண்டியைக் கொண்டுவருவோர் பலர். இதற்கான காரணம் சக்கரத்துக்குள் இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது டேங்கில் அழுத்தத்தோடு இருக்கும் காற்று, அதாவது ஏர், சக்கரத்தருகே உள்ள சேம்பர் என்ற கூட்டுக்குள் போய், அதன் தண்டை வெளியே தள்ளுகிறது. தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, அதனோடு சேர்ந்த கேம் சுழன்று ஷூ என்ற வளைந்த கட்டைகளை விரித்து, அவற்றின்மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனரை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் அழுத்துகிறது. லைனர் தேயத் தேய அந்தத் தண்டு கூடுதல் தூரம் வெளியே வர வேண்டியிருக்கும். டிரம் குளிர்ந்திருக்கும்வரை அந்தத் தூரம் எப்படியோ போதுமானதாக இருந்துவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகி விரிவடையும்போது லைனருக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடுகிறது. ஏற்கெனவே தளர்ந்திருந்த தண்டு தன் எல்லைவரை போய் முட்டி நின்றுவிட்டால், அதற்குமேல் எவ்வளவு ஏர் கொடுத்தாலும் லைனருக்கு அழுத்தம் கூடாது. போதாக்குறைக்கு, சூடேறிய லைனரின் பிடிப்பும் குறைந்துவிடுகிறது. காலையில் நன்றாகப் பிடித்த பிரேக் மதியம் மலையில் கைவிடுவது இப்படித்தான்.

இதைக் கண்டறிய ஒரு சாக்பீஸும் ஸ்கேலும் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஏர் அழுத்தம் மீட்டரில் ஆறு பார் (bar) இருக்கும்போது, சேம்பரை ஒட்டித் தண்டின்மேல் கோடு போடுங்கள். ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று மற்றவர் அளக்கட்டும். சேம்பரின் வகையைப் பொறுத்து எல்லை 45 முதல் 50 மில்லிமீட்டர் வரை. அதை நெருங்கிவிட்ட சக்கரத்தை வைத்துக்கொண்டு மலையிறங்கக் கூடாது. பழைய வண்டிகளில் ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கையால்தான் டைட் வைக்க வேண்டும். எல்லாச் சக்கரங்களையும் ஒரே அளவுக்கு வைக்காவிட்டால், நன்றாகப் பிடிக்கும் இரண்டு சக்கரங்கள் மொத்தச் சுமையையும் தாங்கிச் சூடேறி, அவையும் பிடிப்பை இழந்துவிடும்.

டிரம்மைக் கழற்றினால் முந்தைய உரிமையாளர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும். உட்புறத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால் அது பலமுறை அளவு மீறிச் சூடான டிரம். இறக்கம் முடிந்ததும் கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இந்த வெடிப்புகளுக்கு ஒரு முக்கியக் காரணம். தயவுசெய்து அதைக் கைவிடுங்கள், வண்டியை ஓரங்கட்டித் தானாக ஆறவிடுங்கள். லேத்தில் கொடுத்துப் பலமுறை கடைந்த டிரம் மெலிந்து, சூட்டை உள்வாங்கும் திறனை இழந்துவிடும். லைனரில் கிரீஸ் படிந்திருந்தால் துடைத்துவிட்டு மாட்டுவதால் பயனில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து கிரீஸ் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலையும் லைனரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஏர் டேங்குக்குத் தனிக் கவனம் தேவை. ஈரக் காற்றை இழுக்கும் கம்ப்ரசர் அந்த ஈரத்தையும் டேங்குக்குள் தள்ளுகிறது. தண்ணீர் சேரச் சேர ஏருக்கான இடம் குறைவதோடு வால்வுகளும் துருப்பிடிக்கின்றன. தினமும் காலையில் டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் கவலையில்லை. பால் கலந்ததுபோல் வெளுத்த எண்ணெய் வந்தால், கம்ப்ரசரின் ரிங் தேய்ந்து என்ஜின் ஆயில் ஏறுகிறது என்று பொருள். அந்த எண்ணெய் பிரேக்கின் ரப்பர் பாகங்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும். என்ஜினை நிறுத்தி, பெடலை மிதித்துப் பிடித்தபடி ஏர் மீட்டரைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 0.2 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டிகளில் ஏர் முழுதும் போனாலும் ஸ்பிரிங் தானாக விரிந்து பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வழியில் சேம்பருக்குள் இருக்கும் டையபிரம் என்ற ரப்பர் திரை கிழிந்து வண்டி நகர மறுத்தால், அவசரத்துக்கு ஒரு போல்ட்டைப் பூட்டி அந்த ஸ்பிரிங்கைச் சுருக்கிவைப்பார்கள். பட்டறை வரை வந்து சேர அது சரியான வழி. அதே போல்ட்டோடு மாதக்கணக்கில் லோடு அடிக்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஏர் போனால் அந்த வண்டிகளை நிறுத்த எதுவும் இல்லை.

எஃப்சி எனப்படும் தகுதிச் சான்று இருக்கிறதே என்று கேட்கலாம். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது விதி. அது அவசியமான விதியும்கூட. ஆனால் அந்தச் சோதனை நடப்பது குளிர்ந்த டிரம்மோடு, சமதளத்தில், லோடு இல்லாமல். மேலும், 2018-இல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்த்தப்பட்டது. அதற்கு முன் தயாரான லாரியின் பிரேக் பழைய எடைக்கு ஏற்ப அமைந்தது என்பதை, லோடு ஏற்றும் இடத்தில் "இன்னும் கொஞ்சம் போடு அண்ணே" என்று சொல்வோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு நல்ல பிரேக்கையும் தவறான ஓட்டம் கெடுத்துவிடும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவது இந்தச் சாலையில் உயிருக்கு உலை வைக்கும் காரியம். என்ஜின் பிடித்துக்கொடுக்கும் வேகத்தையும் சேர்த்துப் பிரேக்கே தாங்க வேண்டியிருப்பதோடு, ஐடிலில் சுற்றும் கம்ப்ரசரால் செலவாகும் ஏரை ஈடுகட்டவும் முடியாது. இறக்கம் தொடங்கும் முன்பே, ஏறும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரைப் போட்டுவிடுங்கள். பெடலில் லேசாகக் கால் வைத்தபடியே இறங்காமல், அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுதும் விட்டு, மறுபடி வேகம் கூடியபின் மிதியுங்கள்.

வண்டி வாங்கும் முன் உரிமையாளரின் சம்மதத்தோடு அளவான லோடில் ஓர் இறக்கம் இறக்கிப் பாருங்கள். இறங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் தொடாமல் கை காட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள். எந்தச் சக்கரம் சூடாகவில்லையோ அது வேலை செய்யவில்லை. அதன் சேம்பர், ஏர் போகும் ஹோஸ், கேமைத் தாங்கும் புஷ் மூன்றையும் பிரித்துப் பார்த்தபின் விலை பேசுங்கள்.