ஆர்எக்ஸ்-இசட் எக்சோஸ் ஏன் நடுவில் பருத்திருக்கிறது?

பழைய யமஹா ஆர்எக்ஸ்-இசட் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிளை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுகிறவர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. சிலிண்டர் பிளாக்கைக் கழற்றிய கையோடு, புகை வெளியேறும் குழாயான எக்சோஸையும் மாற்றியாக வேண்டும் அவர்களுக்கு. 2011-இல் உற்பத்தி நின்றுபோன இந்த மோட்டாருக்குப் பினாங்கின் பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இன்னும் ஆள் இருக்கிறது. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால் புரிந்துவிடும். நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்த அந்தக் குழாய் மட்டும் அப்படி இல்லை. உள்ளே அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் ஒரு வால்வு செய்ய வேண்டிய வேலையை அதுதான் செய்கிறது.

டூ-ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுழற்சி முடிந்துவிடும் இன்ஜின். அதன் சிலிண்டரின் சுவரில் வால்வுக்குப் பதில் இருப்பது வெறும் ஓட்டைகள். போர்ட் என்பார்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்சோஸ் போர்ட் திறக்கும், புகை சீறிக்கொண்டு வெளியேறும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும். மேலே ஏறும்போது வரிசை தலைகீழ்: டிரான்ஸ்ஃபர் முதலில் மூடும், எக்சோஸ் கடைசியில்தான் மூடும். சிக்கல் இந்த இடைவெளியில்தான். எக்சோஸ் போர்ட் திறந்தே கிடக்க, ஏறி வரும் பிஸ்டன் புதுக் கலவையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து ஊற்றிய பெட்ரோல் எரியாமலே தெருவுக்குப் போய்விடும்.

இதைத் தடுப்பது ஒலி அலை. எக்சோஸ் போர்ட் திறந்ததும் புகையோடு சேர்ந்து ஓர் அழுத்த அலையும் கிளம்புகிறது. புகையை முந்திக்கொண்டு அது ஒலியின் வேகத்தில் ஓடும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் நெரிசலில் மாட்டியவர்களுக்கு இது தெரியும். பின்னால் யாரோ இடித்தால் அந்த இடி வரிசையாக முன்னால் போய்விடும், நாம் நின்ற இடத்திலேயே நிற்போம். முன்வரிசை ஒரு சுவரில் முட்டினால் இடி அப்படியே நம்மிடம் திரும்பும். சுவருக்குப் பதில் திடல் வந்துவிட்டால்? முன்னால் இருப்பவர்கள் பரவலாக விலகுவார்கள், அவர்கள் விட்ட இடம் வரிசை வரிசையாகப் பின்னால் வந்து நம்மையும் முன்னே இழுக்கும்.

குழாய்க்குள் இரண்டுமே நடக்கின்றன. முதலில் வரும் விரியும் கூம்பு திடல் மாதிரி: அங்கிருந்து இழுவிசை திரும்பி வந்து, மிச்சப் புகையை உறிஞ்சி, புதுக் கலவையையும் சேர்த்து இழுக்கிறது. கொஞ்சம் கலவை எக்சோஸ் குழாய்க்குள்ளேயே வந்துவிடும். அப்புறம் வரும் குறுகும் கூம்பு சுவர் மாதிரி: அதில் பட்டுத் திரும்பும் அழுத்தம், வழிதவறிய அந்தக் கலவையைப் போர்ட் மூடுவதற்குச் சற்று முன்பு மறுபடி சிலிண்டருக்குள் அமுக்கிவிடுகிறது.

எல்லாம் நேரக் கணக்கு. 9,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 150 சுற்று. எக்சோஸ் போர்ட் ஒரு சுற்றில் சுமார் 190 பாகை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 3.5 மில்லி வினாடி. சூடான புகையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் ஓடும். அப்படியானால் அலை போய்வர 1.75 மீட்டர், ஒரு வழிக்கு 88 சென்டிமீட்டர். குறுகும் கூம்பை எங்கே வைப்பது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது. அதே குழாயோடு 6,000-இல் ஓட்டினால் போர்ட் 5.3 மில்லி வினாடி திறந்திருக்கும். அலையோ 3.5-இலேயே வந்து தொலையும். உள்ளே அமுக்கிய கலவை மறுபடி வெளியே நழுவும். அதனால்தான் கீழே மந்தமாக இருந்துவிட்டு, ஓர் இடத்தில் திடீரென்று 'ஏறுகிறது' இந்த மோட்டார்.

இந்தக் கூத்தை அளந்து அடக்கியதில் பெரும் பங்கு கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் காடனுக்கு. 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200! அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி, அந்த நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். மறுஆண்டே 50 சிசி உலகப் பட்டம் அவருக்கு.

சரி, நம் வீட்டு வாசலுக்கு வருவோம். ஆர்எக்ஸ்-இசட்டின் துளை 56 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 54, கொள்ளளவு 133 சிசி. தேய்ந்த பிளாக்கைக் குடைந்து 0.5 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் இரண்டரை சிசிகூடக் கூடாது. குடைவது தேய்மானத்துக்கான வைத்தியம், வேகத்துக்கு இல்லை. குடைந்த பிறகு போர்ட்டின் விளிம்புகளை மெல்லத் தேய்த்து மழுக்கச் சொல்ல வேண்டும். விரலால் தடவினால் கூர்மை தட்டக்கூடாது. தட்டினால் ரிங் அதில் மாட்டி ஒடியும்.

எக்சோஸ் விஷயத்தில் என் கட்சி இதுதான்: ஜெலுத்தோங் போக்குவரத்து விளக்குகளுக்கு நடுவே ஓட்டப்போகிற மோட்டாருக்கு 9,000-க்கு மேல் விழிக்கிற பந்தயக் குழாய் வீண். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் தனி. பழைய குழாயில் ஆண்டுக்கணக்காகப் படிந்த 2டி எண்ணெய்க் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்) கரியை எடுத்தாலே பாதி மோட்டார் திரும்பி வந்துவிடும். பின்முனைச் சிறு குழாய் கரியால் அடைத்தால் உள்ளே அழுத்தமும் சூடும் ஏறும், பிஸ்டன் தலை உருகும் அளவுக்குக்கூடப் போகும்.

மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு போமன் (மெக்கானிக்) அண்ணன்கள் சொல்வது ஒன்றுதான்: "குழாய மாத்துனா ஜெட்டயும் பாரு தம்பி." ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கிற சிறு துளை. அலை நன்றாக இழுத்தால் சிலிண்டருக்குள் காற்று கூடும், அதற்கேற்ற பெட்ரோல் வராவிட்டால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் மெயின் ஜெட்டை ஓரிரு அளவு பெரிதாகப் போட்டு ஆரம்பித்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு திராட்டிலில் கொஞ்ச தூரம் ஓடி, இன்ஜினை அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பால் தேநீர் நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஜெட்டைப் பெரிதாக்குங்கள். குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்து கேஸ்கட்டையும் புதிதாகப் போடுங்கள். அங்கே கசிந்தால் அலை பலமிழக்கும், எவ்வளவு விலையுயர்ந்த குழாயாக இருந்தாலும்.