புது ரேடியேட்டர எதுக்குப்பா கழுவணும்?

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் தன்னோட பிசிக்கு கஸ்டம் வாட்டர் கூலிங் போடுறேன்னு பம்ப், பிளாக், டியூப், 360 எம்எம் ரேடியேட்டர்னு எல்லாத்தையும் வாங்கி வச்சுட்டு என்னை கூப்பிட்டான். சிபியு மேல உக்கார்ற பிளாக்ல இருந்து சூட்ட தண்ணி வாங்கிட்டு போய் ரேடியேட்டர்ல ஆத்திக்கும், பம்ப் அத சுத்த விடும், இந்த முழு சுத்துக்குத்தான் லூப்னு பேர். போய் பாத்தா ரேடியேட்டர அட்டைப்பெட்டியில இருந்து எடுத்த கையோட கேபினெட்ல மாட்டிட்டு இருக்கான். கழட்டுடா, முதல்ல கழுவணும்னேன். "அண்ணே புதுசுண்ணே, இப்பதான் பிரிச்சேன்"ங்கிறான். சரின்னு ஒரு சொம்பு சுடுதண்ணிய உள்ள ஊத்தி, ஓட்டைய மூடி நாலு குலுக்கு குலுக்கி வெள்ளை பக்கெட்ல கவுத்தேன். அரிசி கழுவுன தண்ணி மாதிரி கலங்கலா வந்துச்சு, அடியில மினுமினுன்னு நாலஞ்சு துகள் வேற. அதுக்கப்புறம் பய ஒண்ணும் பேசல.

இந்த கலங்கல் எங்க இருந்து வருதுன்னு புரியணும்னா ரேடியேட்டர எப்படி செய்றாங்கன்னு பாக்கணும். நல்ல பிசி ரேடியேட்டர் எல்லாம் பழைய லாரி ரேடியேட்டரோட தம்பிதான். 2000த்த ஒட்டி இந்த ஹாபில இருந்தவங்க கார் ஹீட்டர்ல வர்ற குட்டி ரேடியேட்டர கழட்டி வந்துதான் பிசில மாட்டிட்டு இருந்தாங்க. தட்டையான சின்ன சின்ன குழாய் வரிசையா நிக்கும், அதுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு செம்புத் தகடு, ரெண்டு முனையிலயும் பித்தளையில ஒரு சின்ன தொட்டி. இதெல்லாத்தையும் ஒட்டுறது ஈயப் பத்து, அதாவது சால்டர்.

இங்கதான் சிக்கல். செம்ப சூடு பண்ணா மேல உடனே ஆக்சைடு படிஞ்சிரும், அந்த ஆக்சைடு மேல உருகுன ஈயம் ஒட்டவே ஒட்டாது, தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு ஓடும். அந்த ஆக்சைட அந்த சூட்டுலயே தின்னுட்டு உலோகத்த பளிச்சுன்னு காட்ட ஒரு பொருள் வேணும், அதுக்கு பேர் ஃப்ளக்ஸ்.

பித்தளை பாத்திரத்துக்கு ஈயம் பூசுறத நேர்ல பாத்தவங்களுக்கு இத விளக்கவே வேணாம். பாத்திரத்த நெருப்புல காட்டி, சூடேறுனதும் ஒரு வெள்ளைப் பொடிய தூவுவாரு, குபீர்னு வெள்ளைப் புகை கிளம்பும், உடனே ஈயத்த தேச்சு துணியால ஒரு இழுப்பு, பாத்திரம் கண்ணாடி மாதிரி ஆயிரும். அந்தப் பொடிதான் நவச்சாரம், கெமிஸ்ட்ரி புக்குல அம்மோனியம் குளோரைடு. சூட்டுல அது அம்மோனியாவாவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடாவும் பிரியும், அந்த ஆசிட் போய் ஆக்சைட கரைக்கும். செம்பு பித்தளை ரேடியேட்டர ஒட்ட காலகாலமா பயன்படுத்துற ஃப்ளக்ஸ்லயும் இதே நவச்சாரமும் ஜிங்க் குளோரைடும்தான் முக்கிய சரக்கு. கம்பெனிக்கு கம்பெனி கலவை மாறும், சிலதுல மரப்பிசின்ல இருந்து வர்ற ரோசின் சேர்க்கிறாங்க. எதுவா இருந்தாலும் வேலை ஒண்ணுதான், வேலை முடிஞ்சதும் கொஞ்சம் மிச்சம் உள்ளயே தங்கிரும்.

பாத்திரம்னா திறந்து கிடக்கு, துடைச்சிரலாம். ரேடியேட்டர்ல கை எங்க போகும்? ஃபேக்டரியிலயும் தண்ணி விட்டு அலசுறாங்கதான், ஆனா அவ்வளவு ஒடுக்கமான குழாய், முனைத் தொட்டியோட மூலை முடுக்கு, அங்கெல்லாம் முழுசா போகாது. ஃப்ளக்ஸ் மிச்சம், கடுகு உடைஞ்ச சைஸுக்கு ஈய உருண்டை, வெட்டுன பித்தளைத் துருவல், எல்லாம் சேந்து உங்க வீட்டுக்கு பார்சல் வருது.

சரி, அது பாட்டுக்கு ரேடியேட்டர்லயே கிடந்தா என்னன்னு கேக்கலாம். கிடக்காதே. ஒரு சாதாரண லூப்ல நிமிஷத்துக்கு மூணு நாலு லிட்டர் தண்ணி சுத்தும், மொத்த லூப்ல இருக்கிறதே ஒரு லிட்டர் சுமார், அப்ப அதே தண்ணி இருபது செகண்டுக்குள்ள ஒரு ரவுண்ட் வந்துருது. அந்த சுத்துல இருக்கிறதுலயே ஒடுக்கமான இடம் எதுன்னா சிபியு பிளாக்குக்குள்ள இருக்கிற செம்பு சீப்பு, அதோட பல்லு இடுக்கு அரை மில்லிமீட்டர் கூட கிடையாது. அதாவது காசு குடுத்து நம்ம வாங்குன விலை கூடுன பிளாக்கே அந்த லூப்புக்கு டீ வடிகட்டி ஆயிருது. ரேடியேட்டர்ல கழண்ட துகள் எல்லாம் கடைசியில அங்கதான் வந்து அடையும்.

எனக்கு இது பட்டுத் தெரிஞ்சது. முதல் லூப் கட்டுனப்ப நானும் குழாயடியில காமிச்சு ஒரு அலசு அலசிட்டு மாட்டிட்டேன். ரெண்டு வாரம் ராஜா மாதிரி ஓடுச்சு. அப்புறம் டெம்பரேச்சர் மெல்ல மெல்ல ஏற, சிபியுக்கும் பிளாக்குக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட் சரியில்லன்னு நினைச்சு அத ரெண்டு தடவை மாத்தி, ஃபேன கூட்டி, என்னென்னமோ பண்ணி, கடைசியில பிளாக்க கழட்டுனா சீப்பு இடுக்கு பூரா பச்சையும் சாம்பலும் கலந்து பிசுபிசுன்னு ஒரு பசை. பல் தேய்க்கிற பிரஷ்ஷ வச்சு ஒரு மணி நேரம் தேய்ச்சேன்.

அந்த பச்சைய பாத்ததும் செம்பு களிம்பு ஏறிருச்சுன்னு பயந்துட்டேன். களிம்பு மட்டும்தான்னு இல்ல, ரோசின் செம்பு ஆக்சைடோட சேந்தாலும் பச்சையா ஒரு பொருள் வரும், அது அவ்வளவா அரிக்காது, ஆனா அடைக்கும். அரிக்கிற வேலைய பாக்குறது குளோரைடு. லூப்ல ஊத்துற கூலன்ட்ல பென்சோட்ரையசோல் மாதிரி ஒரு சரக்கு இருக்கும், அது செம்பு மேல போய் ஒட்டி கண்ணுக்கே தெரியாத படலம் போட்டு காப்பாத்தும். செம்பு மேல ஏற்கனவே பிசுக்கு ஒட்டிட்டு இருந்தா அந்த படலம் எங்க போய் உக்காரும்? கலர் கூலன்ட் ஊத்துறவங்க கதை இன்னும் மோசம், ஃப்ளக்ஸ் மிச்சம் கலந்து அமிலத்தன்மை மாறுனா சில சாயம் ஒரே வாரத்துல வெளுத்துப் போகும், இல்ல கட்டிகட்டியா திரிஞ்சு நிக்கும். அப்புறம் கூலன்ட் கம்பெனிய திட்டுவோம்.

அம்மோனியாவும் பித்தளையும் சேந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு நம்ம ஊர்லயே பழைய கதை ஒண்ணு இருக்கு. பிரிட்டிஷ்காரன் ராணுவம் இந்தியாவுல மழைக்காலத்துல பித்தளை தோட்டாவ குதிரை லாயத்துல அடுக்கி வச்சா, எடுக்கும்போது தானா விரிசல் விட்டு கிடக்கும். குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியாதான் காரணம்னு 1921லதான் தெளிவாச்சு. ரேடியேட்டர் அப்படி விரிசல் விட்டு நான் பாத்ததில்ல, அதுல மிஞ்சுற அளவு ரொம்ப கம்மி, பயப்பட வேணாம். இருந்தாலும் நவச்சாரம் உள்ளயே விட்டு வைக்கிற பொருள் இல்லைங்கிறதுக்காக சொல்றேன்.

இப்ப கழுவுறது. முதல் மருந்து சுடுதண்ணி, அதுவே முக்கால்வாசி வேலைய முடிச்சிரும். ஜிங்க் குளோரைடும் நவச்சாரமும் உப்பு வகை, தண்ணியில கரையும், சூடா இருந்தா இன்னும் வேகமா கரையும். ரோசின் கரையாது, ஆனா சூட்டுல இளகி பிடிய விடும். கூடவே 60 டிகிரி தண்ணியோட பிசுக்குத்தன்மை 20 டிகிரில இருக்கிறதுல பாதிக்கும் கீழ, அதனால இடுக்குல எல்லாம் சுளுவா நுழையும். கொதிக்க கொதிக்க மட்டும் ஊத்தாதீங்க, மூடுனதும் உள்ள இருக்கிற காத்தும் ஆவியும் சூட்டுல விரிஞ்சு மூடிய திறக்கும்போது மூஞ்சில அடிக்கும். கை பொறுக்காத சூடு, 60லருந்து 70, அது போதும், கையில ஒரு துணிய சுத்திக்கங்க.

நிறைய பேர் பண்ற தப்பு, வாய் வரைக்கும் ரொப்பி குலுக்குறது. ரொப்பிட்டா தண்ணி உள்ள நகரவே நகராது. குழாய்ல தண்ணி ஓடும்போதே சுவர ஒட்டுன இடத்துல அது கிட்டத்தட்ட நிக்கும், நடுவுலதான் வேகம், அதனால பைப்ப திறந்து விட்டு ஓட விட்டா மட்டும் சுவர்ல ஒட்டுனது போகாது. முக்கால்வாசி ஊத்தி கால்வாசி காத்து விடுங்க. குலுக்கும்போது தண்ணியும் காத்தும் சந்திக்கிற விளிம்பு சுவர உரசிட்டே போகும், அந்த விளிம்போட பரப்பு இழுவிசைதான் ஒட்டியிருக்கிற துகள பிடிச்சு உரிச்சு எடுக்குது. பத்து நிமிஷம் அப்படியே விட்டு, மறுபடி குலுக்கி, வெள்ளை வேட்டித் துணியில வடிச்சு பாருங்க. காபி ஃபில்டர்ல வடிங்கன்னு வெளிநாட்டு வீடியோல சொல்றது பேப்பர் ஃபில்டர், நம்ம வீட்டு எவர்சில்வர் ஃபில்டர எடுத்துறாதீங்க, அம்மா கொன்னுருவாங்க.

அலசுறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. 300 மில்லி பிடிக்கிற ரேடியேட்டர்ல எவ்வளவு கவுத்தாலும் 30 மில்லி உள்ள தங்குதுன்னு வச்சுக்கங்க. ஒரு தடவை ரொப்பி கவுத்தா கரைஞ்ச அழுக்குல பத்துல ஒரு பங்கு மிஞ்சும், ரெண்டாவது தடவை நூத்துல ஒண்ணு, மூணாவது தடவை ஆயிரத்துல ஒண்ணு. செலவானது 900 மில்லிக்குள்ளதான். அதே 900 மில்லிய ஒரு பக்கம் ஊத்தி மறு பக்கம் கலந்து வழிய விட்டா இருபதுல ஒரு பங்கு அழுக்கு உள்ளயே இருக்கும். துணிய மூணு தண்ணியில அலசுன்னு பாட்டி சொன்னது இந்த கணக்குதான்.

எந்த தண்ணின்னா, போர் தண்ணி வேணாம். சூடு பண்ணா சுண்ணாம்பு படியுற தண்ணிய ஊத்தி கழுவுறது சேத்துல கால் கழுவுற மாதிரி. முதல் சுத்துக்கு ஆர்ஓ தண்ணி, கடைசி ரெண்டு சுத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். ஆர்ஓ சர்வீஸ்காரர் காட்டுவாரே பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர், அது வீட்ல இருந்தா ரொம்ப நல்லது. உள்ள போற தண்ணியையும் வெளிய வர்ற தண்ணியையும் அளந்து பாருங்க, ரெண்டு நம்பரும் கிட்டக்க வந்துட்டா உப்பு வகை எல்லாம் போயிருச்சு. அந்த மீட்டர் அளக்குறது தண்ணியில மின்சாரம் எவ்வளவு பாயுதுங்கிறதைத்தான், அதனால எண்ணெயும் ரோசினும் ஈய உருண்டையும் அதுக்கு கண்ணுக்கே தெரியாது. அதுக்கு வேட்டித் துணிதான்.

ஆசிட் போடலாமா? புளி போட்டு செம்புக் குடம் தேய்க்கிற ஊர்ல இந்த கேள்வி வராம இருக்காது. புளியில இருக்கிற டார்டாரிக் ஆசிட், வினிகர்ல இருக்கிற அசிடிக் ஆசிட், ரெண்டும் ஆக்சைட கரைக்கும், உண்மைதான். ஆனா வினிகர ராத்திரி பூரா ஊத்தி வச்சா உள்ள இருக்கிற காத்தோட சேந்து செம்பையே கரைக்க ஆரம்பிக்கும், அப்ப வர்றது அசல் களிம்பு. வினிகரோட உப்பு சேக்கிற வித்தை குடத்துக்கு சரி, ரேடியேட்டருக்குள்ள நம்மளே குளோரைட ஊத்துறதுக்கு சமம். அஞ்சாறு தடவை சுடுதண்ணிக்கு அப்புறமும் கலங்கலா வந்தா இதுக்குன்னே விக்கிற பாஸ்பாரிக் ஆசிட் கிட் இருக்கு, டப்பாவுல சொன்ன அளவுக்கு தண்ணி கலந்து, சொன்ன நேரத்துக்கு மேல விடாம, கையுறையும் கண்ணாடியும் போட்டு பண்ணுங்க. அத ரேடியேட்டர்ல மட்டும்தான் ஊத்தணும், நிக்கல் பூசுன பிளாக் பக்கம் போகவே கூடாது. முடிச்சதும் ஆப்ப சோடா கரைச்ச தண்ணி விட்டா மிச்ச ஆசிட் செத்துரும், ஆனா அப்ப கார்பன் டை ஆக்சைடு பொங்கும், மூடிய போட்டு குலுக்கிறாதீங்க. என் கை பழக்கத்துக்கு பத்துல ஒன்பது ரேடியேட்டருக்கு ஆசிட் தேவையே படல.

இன்னொண்ணு, ரெடிமேடா சீல் பண்ணி வர்ற ஏஐஓ கூலர திறந்து கழுவ வேணாம், அது ஃபேக்டரியிலயே ரொப்பி அடைச்சது. அதுல ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம், அத கழட்டி செம்பு பிளாக் இருக்கிற லூப்ல சேக்கலாம்னு ஐடியா வந்தா அதயும் விட்ருங்க. கெமிஸ்ட்ரி புக்குல உலோகங்களோட மின்னழுத்தத்த போட்டிருக்கிற டேபிள் கணக்குல செம்புக்கும் அலுமினியத்துக்கும் ரெண்டு வோல்ட் வித்தியாசம், அலுமினியம் மேல இருக்கிற ஆக்சைடு படலத்தால நிஜத்துல அவ்வளவு வராதுன்னாலும் ஒரே தண்ணியில நின்னா அலுமினியம் பேட்டரியோட ஒரு முனை மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கரையும்.

கழுவி முடிச்சு ஈரத்தோட ரேடியேட்டர பரண்ல போட்டுறாதீங்க, தண்ணியும் காத்தும் சேந்து உள்ள மறுபடி கறுக்கும், அன்னைக்கோ மறுநாளோ லூப்ப கட்டி கூலன்ட ஊத்திருங்க. தம்பியோட ரேடியேட்டர் ஆறாவது சுத்துலதான் தெளிஞ்சுச்சு, மீட்டர்ல உள்ள 4, வெளிய 6. அதுக்கு முந்துன சுத்துல கூட துணியில ஒரு ஈய உருண்டை கிடந்துச்சு, "இன்னும் ஒரு தடவைண்ணே"ன்னு அவனே கெட்டில ஆன் பண்ண போயிட்டான்.