அழுகையும் வேலையும்: துக்கம் எப்படி ஆறுகிறது?

காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை 1955 முதல் இயங்குகிறது. அதோடும் வேலூர் சி.எம்.சி.யோடும் சேர்த்துப் பேசப்படும் பெயர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தவர். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்டும் அவரோடு வேலை பார்த்தவர்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, அதனால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் பிடிக்கிறார்கள், காலில் முள் ஏறியபடியே நாள் முழுக்க நடக்கிறார்கள். விரல்களைப் பறித்தது பெரும்பாலும் இந்தக் காயங்கள்தான்.

பின்னாளில் அமெரிக்காவுக்குப் போன பிராண்ட், வலி தெரியாதவர்களுக்குச் செயற்கையாக ஒரு வலியை உண்டாக்கப் பார்த்தார். கையில் அழுத்தம் மிஞ்சினால் ஒலி எழுப்பும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். ஆட்கள் அந்த ஒலியைச் சட்டை செய்யவில்லை. சரி என்று மின் அதிர்ச்சி வைத்தார்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நினைத்தபோது அணைக்க முடிந்த வலியால் யாரையும் காப்பாற்ற முடியவில்லை.

மனவலியிலும் நாம் தேடுவது இந்த அணைக்கும் விசையைத்தான். சாவு வீட்டிலேயே தொடங்கிவிடும்: "அழாதே, நீ அழுதா பிள்ளைங்க என்ன பண்ணும்?", "நடந்ததை மறந்துடு." சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் உடல் அந்தப் பேச்சைக் கேட்பதில்லை. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் 1990களில் மனதைக் கலக்கும் படக்காட்சிகளைச் சிலருக்குக் காட்டினார். ஒரு பகுதியினரிடம் மட்டும், உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் பார்க்கச் சொன்னார். முகம் அமைதியாக இருந்தது. உள்ளே இருந்த கலக்கம் கொஞ்சமும் குறையவில்லை. வியர்வைச் சுரப்பிகளும் ரத்தக் குழாய்களும் மற்றவர்களைவிட அதிகமாகவே வேலை செய்தன. மறப்பதும் அப்படித்தான். 1987இல் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிடம் நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தார். நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்புறம் நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக அவர்களுக்குக் கரடி வந்தது. ஒன்றை நினைக்கவில்லையே என்று சரிபார்க்க, மூளை அதைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் வலியை என்ன செய்வது? வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் படுகளம் தெரியும். ஆற்காடு, செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவின் கடைசிக் கட்டம். மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து தரையில் படுக்க வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் மோதுவதைக் கூத்தாடிகள் ஆடி முடித்ததும் ஒப்பாரி கிளம்பும். சுற்றி நிற்கும் பெண்களில் சிலர் மாரடித்து அழுவார்கள். அந்த அழுகை துரியோதனனுக்காக மட்டும் இல்லை என்பது பக்கத்தில் நிற்கும் எவருக்கும் புரியும்.

ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டால் ஒன்று பிடிபடும். "கஷ்டமாக இருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாக அதில் யாரும் பாடுவதில்லை. இனி யார் என்னைக் கேட்பார்கள் என்ற பயம், விட்டுவிட்டுப் போனாயே என்ற கோபம், கடைசியாக ஒரு வாய் சோறு போட முடியவில்லையே என்ற குறை, எல்லாம் தனித்தனியாகப் பெயர் பெற்று வெளியே வரும். மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வை இங்கே வைத்துப் பார்க்கலாம். கோபம், பயம் தெரியும் முகப்படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குரிய பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை அறிவிக்கும் அமிக்டலாவின் செயல்பாடு தணிந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் இருக்கும் ஒரு பகுதி விழித்துக்கொண்டது. ஒப்பாரிக்கும் அந்த ஆய்வுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் நம் பாட்டிகள் செய்ததற்கும் இதற்கும் உறவு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு, துக்கத்தில் இருப்பவரை உட்கார வைத்துப் பேசு பேசு என்று நச்சரிக்கக் கூடாது. பெரும் விபத்துக்கு ஆளானவர்களை உடனே ஒருமுறை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் வழக்கம் உலகில் பல இடங்களில் இருந்தது. பின்னால் வரும் மனநோயை அது தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது என்று தெரிந்த பிறகு கைவிடச் சொல்லிவிட்டார்கள். சொன்னதையே மனதுக்குள் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருப்பதும் உதவாது. 1989இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நிலநடுக்கம் வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அங்கே சூசன் நோலன்-ஹோக்சீமா மாணவர்களிடம் தகவல் திரட்டியிருந்தார். எதையும் மனதில் போட்டு அரைக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்களுக்குத்தான் நிலநடுக்கத்துக்குப் பிறகு மனச்சோர்வு அதிகமாக வந்தது.

நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த கருத்து, இழப்பைப் பற்றி நான் படித்தவற்றிலேயே நிஜ வாழ்க்கைக்கு மிகவும் பொருந்துவது. துக்கம் படிப்படியாக ஏறி முடிகிற விஷயம் இல்லை என்கிறார்கள் அவர்கள். துக்கப்படுபவர் இரண்டு பக்கமும் போய்வருகிறார். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, ஏக்கம், பழைய போட்டோ. இன்னொரு பக்கம் மீதி வாழ்க்கை: கரண்ட் பில், பிள்ளையின் ஃபீஸ், இறந்தவர் செய்துவந்த வேலையை இனி தானே செய்யக் கற்பது. இந்தப் போக்குவரத்துதான் ஆற்றுகிறது. ஒரே பக்கத்தில் தங்கிவிட்டால்தான் சிக்கல்.

ஆரணிக்கு அருகே இருக்கும் என் பெரியம்மா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பட்டுத்தறிக் குடும்பம். பெரியப்பாவின் காரியம் முடிந்த சில நாட்களில் பெரியம்மா தறியில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்குள்ள தறிக்குப் போயிட்டா பாரு" என்று தெருவில் பேசினார்கள். பாவில் ஓர் இழை அறுந்தது. இழை அறுந்தால் பிணைத்துக் கொடுப்பது பெரியப்பாவின் வேலை. பெரியம்மா பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பி, "ஏங்க" என்றார். அப்படியே தறிப்பலகையில் சாய்ந்து அழுதார். யாரும் போய்த் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, அந்த இழையைத் தானே தேடிப் பிணைத்தார். நாடா மறுபடி ஓடியது.

அந்த "ஏங்க"வுக்குள்தான் துக்கத்தின் இயக்கமே இருக்கிறது. பல வருடம் கூட வாழ்ந்தவர் எங்கே இருப்பார், கூப்பிட்டால் வருவார் என்ற எதிர்பார்ப்பு மூளையில் ஊறிப்போயிருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியால் மட்டும் அது அழிவதில்லை. கூப்பிட்டுப் பதில் வராத ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்படுகிறது. துக்கப்படுவது ஒரு வகைக் கற்றல் என்று மேரி-பிரான்சஸ் ஓ'கானர் போன்ற மூளை ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். இறந்தவருடைய பொருட்களையும் இடங்களையும் முழுக்கத் தவிர்த்தால் கற்க வாய்ப்பில்லை. இடைவெளியே இல்லாமல் அதிலேயே கிடந்தால் உடம்பு தாங்காது.

இந்தக் கற்றலை வழிமறிப்பது பெரும்பாலும் தன்னையே குற்றம் சொல்வது. "அன்னைக்கே வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரு." எத்தனை வீடுகளில் இந்த வாக்கியம்! அடுத்தவர் நம்மை மட்டமாக எடைபோடும் சூழலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடைபோடுபவர் நமக்குள்ளேயே இருந்தால் அவர் வீட்டுக்குப் போவதே இல்லை. 2003இல் கிறிஸ்டின் நெஃப், தன்மீது பரிவு காட்டுவதற்கு மூன்று கூறுகளைச் சொன்னார். தன்னிடம் கனிவு, இது மனிதர் எல்லாருக்கும் நேர்வது என்ற உணர்வு, வலியை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் பார்ப்பது. தன்னை மன்னித்தால் பொறுப்பு போய்விடும் என்று பயப்படுகிறோம். 2012இல் ப்ரைன்ஸும் சென்னும் செய்த சோதனையில் அப்படி நடக்கவில்லை. கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தன்னிடம் கனிவாக இருக்கச் சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள்.

பெரும்பாலோர் இப்படிப் போய்வந்தே தேறிவிடுகிறார்கள். சிலருக்கு ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையே நின்றுவிடும். ஆறு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் குறிக்கிறது. அதற்கென்று தனி சிகிச்சை உண்டு. இனி உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் மாதக் கணக்கு பார்க்க வேண்டாம், உடனே உதவி தேட வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. சிகிச்சைக்குச் சேர்பவரோடு குடும்பத்தாரும் கூடத் தங்குவது அங்கே பல பத்தாண்டுகளாக உள்ள வழக்கம். நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.