எண்ணெய் கலந்த நீரில் சிப்பி ஏன் மெலிகிறது?

ஒரு லிட்டர் டீசல் கடலில் கொட்டினால், வானவில் நிறம் காட்டும் படலமாக அது ஏறத்தாழ 3,300 சதுர மீட்டருக்குப் பரவும். நம்மூர்க் கணக்கில் 80 செண்ட். தடிமன் 0.3 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பார்க்கப் பயமாக இருக்கும் இந்தப் படலம், நீருக்கடியில் பாறையில் இருக்கும் சிப்பிக்கு உடனே பெரிய கேடு செய்வதில்லை. அலை அதை உடைத்துச் சிறு துளிகளாக நீருக்குள் கலக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், கடியபட்டணம், முட்டம், இனயம் பக்கம் கடலில் மூழ்கி உளியால் பெயர்த்தெடுக்கும் பழுப்புச் சிப்பி, இரை தேடி எங்கும் போவதில்லை. நார்களால் பாறையைப் பற்றிக்கொண்டு, செவுளில் உள்ள குறுஇழைகளைத் துடிக்கவிட்டு நீரை உள்ளே இழுக்கும். அதில் வரும் நுண்பாசியைச் சளியில் பிடித்து வாய்க்குத் தள்ளும். 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் அநேகமாகத் தப்பாது. அலையில் சிதறும் எண்ணெய்த் துளிகளில் பலவும் அந்த அளவில் இருப்பதால் பாசியோடு அவையும் உள்ளே போகின்றன. நீரில் கரைந்த பகுதியோ செவுள் வழியாக நேரே உடலில் ஏறுகிறது.

அப்படிக் கரைவதில் முக்கியமானவை இரண்டு, மூன்று கார்பன் வளையங்கள் கொண்ட அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள். பழைய அந்துருண்டையில் இருந்த நாப்தலீன் இந்த வகைதான். டீசலில் இவை தாராளம். உயிரணுச் சவ்வின் கொழுப்பில் புகுந்து, மயக்கமருந்து போல வேலை செய்கின்றன. குறுஇழைத் துடிப்பு தளர்கிறது, வடிகட்டும் நீர் குறைகிறது, இரையும் குறைகிறது. மீனுக்கு இவற்றை உடைத்து வெளியேற்றும் நொதிகள் நன்றாக வேலை செய்யும். சிப்பிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால் கடல்நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக எண்ணெய் சதையில் சேர்கிறது.

இதை ஆற்றல் கணக்காகப் போட்டுக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வாளர்கள். செரித்து உட்கொண்ட ஆற்றலிலிருந்து சுவாசச் செலவையும் கழிவில் போவதையும் கழித்தால் மிஞ்சுவதே வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும். ஐரோப்பிய நீலச் சிப்பியில், ஒரு கிராம் உலர்சதைக்கு மணிக்கு 15 ஜூலுக்கு மேல் மிஞ்சினால் நலம். 5-க்குக் கீழே போனால் கடும் நெருக்கடி. சூடான நம் கடலில் வாழும் வேறு இனத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது, ஆனால் கணக்கின் வழி ஒன்றுதான். மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் சிப்பி தன் சதையையே கரைத்துப் பிழைக்கும்.

வடிகட்டும் வேகத்தை அளப்பது எளிது. 3 லிட்டர் சுத்தமான கடல்நீரில் ஒரு சிப்பியை விட்டு, மெல்லிய காற்றோட்டம் கொடுத்து, மில்லிலிட்டருக்கு 20,000 நுண்பாசி இருக்கும்படி கலக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது 10,000 ஆனால், வேகம் 3 × 0.693, அதாவது மணிக்கு 2.08 லிட்டர் (பாசி பாதியாகக் குறைந்ததால் 2-இன் இயல் மடக்கையான 0.693 வருகிறது). பிழை வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். கையாண்ட அதிர்ச்சியில் தன் ஓடுகளை மூடிக்கொண்ட சிப்பியை அளந்துவிட்டு எண்ணெயைக் குறை சொல்வார்கள். ஓடு திறந்து செவுள் விளிம்பு தெரிந்த பிறகே கடிகாரத்தை ஓடவிட வேண்டும். சிப்பி இல்லாத இன்னொரு பாத்திரமும் அவசியம், இல்லையென்றால் தானாக அடியில் படியும் பாசியும் சிப்பியின் கணக்கில் ஏறிவிடும்.

ஓட்டின் நீளத்தை மட்டும் அளந்தால் ஏமாற்றம்தான். ஓடும் சதையும் எப்போதும் ஒன்றாக வளர்வதில்லை. கயிற்றில் வளர்க்கும் பழுப்புச் சிப்பி மாதம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். இரை குறைந்தால் ஓடு ஓரளவு நீண்டுகொண்டிருக்க, சதை வற்றத் தொடங்கலாம். அவித்துச் சதையை நிறுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் ஒன்று: மே முதல் செப்டம்பர் வரை முட்டையிடும் காலம். முட்டையிட்ட சிப்பி எண்ணெய் இல்லாமலே மெலிந்திருக்கும். ஒப்பிடுவதானால் ஜனவரி முதல் மார்ச் வரையான சிப்பியை, ஒரே நீளத்தில், துறைமுக வாயிலுக்கு அருகிலும் தொலைவிலும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

நார் விஷயம் பலரும் கவனிக்காதது. எண்ணெய் பட்ட சிப்பி குறைவாகவே நார் விடும். ஆனி, ஆடி அலையில் அது பாறையிலிருந்து கழன்றுபோனால், பார்ப்பவர் அலையைத்தான் பழிப்பார்.

கப்பல் கவிழ்ந்தால் செய்தி வரும். தினமும் சொட்டுவது செய்தியாவதில்லை. விசைப்படகின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது, கழிவு இஞ்சின் ஆயிலைக் கடலில் ஊற்றுவது, எரிபொருளில் கால் பங்கு வரைகூட எரியாமல் நீருக்குள் தள்ளும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இஞ்சின் எல்லாம் இந்தச் சொட்டில் சேரும். படகைக் கழுவ சோப்புப் பொடி போடுவது இதை இன்னும் மோசமாக்கும். படலம் மறைந்துவிடும், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும்; உண்மையில் எண்ணெய் சிப்பி விழுங்கும் அளவுக்குத் துளித்துளியாக உடைந்திருக்கிறது. இஞ்சினுக்கடியில் ஒரு தட்டும், எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பஞ்சுத் திண்டும், கழிவு ஆயிலுக்குத் தனிக் கேனும் வைத்தாலே பெரும்பகுதி கரையிலேயே நிற்கும்.

மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் சிப்பியை அவித்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கொழுப்பில் ஊறியது கொதிநீரில் போகாது. தூய கடல்நீரில் விட்டால் இலகுவான சேர்மங்கள் சில நாட்களிலிருந்து சில வாரங்களில் வெளியேறும், நான்கு ஐந்து வளையச் சேர்மங்கள் அதைவிட மெதுவாக. வளர்ப்புக் கயிறு கட்ட இடம் பார்ப்பவர்கள் நீரோட்டத்தை இரு பருவத்திலும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் நம் கரையோர நீரோட்டம் தென்கிழக்காகவும், குளிர்காலத்தில் பெரும்பாலும் வடமேற்காகவும் ஓடுவதால், துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் கட்டினாலும் பாதி ஆண்டு அழுக்கு நீர் வந்துசேரும். பக்கத்தை மாற்றுவதைவிடத் தூரத்தைக் கூட்டுவதே பயன் தரும்.